கை எங்கே, கால் எங்கே: முத்திரை அடியை எழுதும் முறை

மல்யுத்த வீரர் ஸ்டீவ் ஆஸ்டினின் ஸ்டன்னர் அடியும் டயமண்ட் டல்லஸ் பேஜின் டயமண்ட் கட்டரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. அடிப்பவர் எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார். கையைப் பின்னால் வீசி எதிராளியின் தலையைத் தன் தோள்மேல் இழுத்து அணைத்துக்கொள்கிறார். பிறகு இருவரும் சேர்ந்தே கீழே போகிறார்கள். கடைசி அரை நொடியில்தான் இரண்டும் பிரிகின்றன. ஆஸ்டின் தரையில் உட்காருகிறார். எதிராளியின் மோவாய் அவர் தோளில் மோதுகிறது. அடிபட்டவர் வில்லிலிருந்து விடுபட்ட நாண்போல நிமிர்ந்து பின்னால் தெறிக்கிறார். பேஜ் உட்காருவதில்லை, மல்லாந்து விழுகிறார். எதிராளியின் முகம் அவரோடு இழுபட்டுப் போய்த் தரையில் அறைகிறது. அடிபட்டவர் அப்படியே குப்புறக் கிடக்கிறார். உட்கார்ந்தாரா, படுத்தாரா என்ற ஒரு வினைச்சொல்லில் எல்லாமே அடங்கியிருக்கிறது: எந்த உறுப்பில் அடி, எந்தத் திசையில் விழுகை, அடுத்த பத்து நொடிக்கு அவர் உடம்பு எப்படிக் கிடக்கும். கற்பனைப் போட்டி எழுதும் பலர் இந்த வினைச்சொல்லைக் கைவிட்டுவிட்டு, ‘பயங்கரமான வேகத்தில்’, ‘இடி விழுந்தாற்போல’ என்று அடைமொழிகளில் உழைப்பைக் கொட்டுகிறார்கள். இந்த அத்தியாயம் அதற்கு எதிராக ஒரு வழக்கை வைக்கிறது. முத்திரை அடி ஒன்றைக் கதையில் முதல் தடவை, அதனால் எதுவும் முடிவாகாத இடத்திலேயே, கை எங்கே கால் எங்கே என்று முழுதாகச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் போட்டியின் உச்சத்தில் விளக்கமே வேண்டியிருக்காது. ஒரு சைகை போதும்.

ரசிகர்கள் வழக்கமான தனி அடியை ‘சிக்னேச்சர் மூவ்’ என்றும், போட்டியை முடிக்கும் அடியை ‘ஃபினிஷர்’ என்றும் பிரித்துச் சொல்வார்கள். எழுதுபவருக்கு இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான் என்பதால் இங்கே இரண்டையும் முத்திரை அடி என்றே சொல்லலாம். இதற்கு முதலில் வரும் மறுப்பு எல்லாருக்கும் தெரிந்தது. மல்யுத்தக் கதையைத் தேடிப் படிப்பவன் பத்து வயதிலேயே டிரம்ப் கார்டு ஆடியவன், அவனுக்குப் போய் டி.டி.டி. என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டுமா? வேண்டும். மல்யுத்தத்தில் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு அவ்வளவு தளர்வானது. ஜேக் ராபர்ட்ஸ் புகழடையச் செய்த டி.டி.டி.யில் எதிராளியின் தலையை அக்குளுக்குள் முன்பக்கமாகப் பூட்டிக்கொண்டு பின்னால் விழுவார்கள். உச்சந்தலையோ நெற்றியோ தரையில் படும். அந்த மூன்று எழுத்தில் இதில் ஒன்றுமே இல்லை. நம் ஊரில் அது பூச்சிமருந்துப் பெயர். ஒரே பிடிக்குப் பல பெயர்களும் உண்டு. ஜப்பானில் ரிக்கி சோஷு போட்ட ‘தேள் பிடி’தான் அமெரிக்காவில் ஸ்டிங்கிடம் ஸ்கார்ப்பியன் டெத்லாக் ஆனது, பிரெட் ஹார்ட்டிடம் ஷார்ப்ஷூட்டர் ஆனது. ‘டிரைவர்’, ‘பாம்’, ‘கட்டர்’ என்று முடியும் பெயர்களின் கீழே நிற்கும் அடிகளோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. உங்கள் கதாபாத்திரத்தின் அடி நீங்களே பெயர் வைத்தது என்றால் எந்த ரசிகனின் அனுபவமும் அங்கே உதவாது.

பெயரைச் சொன்னால் போதும் என்ற பழக்கம் தொலைக்காட்சி வர்ணனையிலிருந்து வந்தது. வர்ணனையாளர் ஜிம் ராஸ் அடியின் பெயரைத் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் எழுத உட்காரும்போது அந்தக் கத்தலையே தாளில் இறக்கிவைக்கிறார்கள். வர்ணனையாளரின் வேலை வேறு. என்ன நடந்தது என்பதைப் படம் காட்டிவிடுகிறது. அதற்குப் பெயர் சூட்டுவதும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று குரலால் உணர்த்துவதும்தான் அவர் பங்கு. எழுத்தில் படம் கிடையாது, குரலும் கிடையாது. பெயரை மட்டும் எழுதும்போது, இரண்டு கால் நாற்காலியில் ஒரு காலையும் எடுத்துவிட்டு வாசகரை அதில் உட்காரச் சொல்கிறோம்.

முன்கூட்டியே சொல்லிவைப்பது எழுத்தாளர்கள் கண்டுபிடித்த உத்தி அல்ல. கோதாவே நமக்குக் கற்றுத்தந்தது. 1987 மார்ச் 29 அன்று பாண்டியாக் சில்வர்டோமில் நடந்த மூன்றாவது ரெசில்மேனியாவில் ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே த ஜயண்டும் மோதினார்கள். அறிவிப்பின்படி ஆந்த்ரேயின் உயரம் 7 அடி 4 அங்குலம், எடை 520 பவுண்டு. கிலோவில் ஏறத்தாழ 236. அன்று அரங்கத்தை எழ வைத்த அடி பாடி ஸ்லாம். எதிராளியைக் குறுக்கே தூக்கி முதுகு பட இறக்கிப் போடும் அந்த அடியைப் புதிதாகச் சேர்ந்தவன்கூட முதல் மாதத்தில் கற்றுக்கொண்டுவிடுவான். அதற்கு அத்தனை கனம் எங்கிருந்து வந்தது? போட்டி தொடங்கிய சற்று நேரத்திலேயே ஹோகன் அதே அடிக்கு முயன்றார். தூக்க முடியவில்லை. முதுகு விட்டுக்கொடுத்தது, ஆந்த்ரேயின் முழு உடம்பும் அவர்மேல் சரிந்தது, நடுவர் மூன்றைச் சொல்லும் முன் மயிரிழையில் தப்பினார். அதாவது பார்வையாளருக்கு முதலிலேயே பாடம் நடத்தியாகிவிட்டது: எங்கே கை போட வேண்டும், எங்கே பாரம் இறங்கும், தவறினால் என்ன ஆகும். பின்னால் ஹோகன் மறுபடி குனிந்து கை கொடுத்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தத் தோல்வியை வெட்டிவிட்டுக் கடைசித் தூக்கலை மட்டும் எழுதிப் பாருங்கள். பெரிய மனிதன் ஒருவனை இன்னொருவன் தூக்கினான் என்பதோடு செய்தி முடிந்துபோகும்.

முதல் தடவை முழுதாகச் சொல்வது என்றால் எவ்வளவு? அடிக்கும் முன் இருவரும் எப்படி நின்றார்கள், எது எதைப் பிடித்தது, பாரம் எந்தத் திசையில் நகர்ந்தது, எந்த உறுப்பு முதலில் எதில் பட்டது. இந்த நான்கும் இருந்தால் வாசகர் மனத்தில் படம் விழுந்துவிடும். ஒன்று விட்டுப்போனாலும் மற்ற மூன்றும் மிதக்கும். நான்காவதை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும் என்பதற்கு 1997 ஆகஸ்டு 3 சம்மர்ஸ்லாம் போட்டியைவிடத் துலக்கமான சான்று கிடைக்காது. டூம்ஸ்டோன் பைல்டிரைவரில் எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, வயிறோடு வயிறு ஒட்டப் பிடித்து, அவர் தலை தன் தொடைகளுக்கு நடுவே வரும்படி வைத்துக்கொண்டு அடிப்பவர் மண்டியிடுவார். அண்டர்டேக்கர் காலமெல்லாம் செய்தது அதுதான். மண்டியிடும்போது தொடைகள் செங்குத்தாக நிற்பதால் தலைக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி மிஞ்சும். அன்று ஆஸ்டினோடு மோதிய ஓவன் ஹார்ட் மண்டியிடாமல் உட்கார்ந்தபடி விழுந்தார். இடைவெளி இல்லாமல் போயிற்று. ஆஸ்டினின் தலை நேராகத் தரையில் மோதிக் கழுத்து நசுங்கியது. சிறிது நேரம் கைகால் அசையவில்லை. பிறகு தட்டுத்தடுமாறி ஒரு சுருட்டுப் பிடியில் போட்டியை முடித்தார்; அந்தக் கழுத்துக் காயம் அவர் தொழில்வாழ்க்கையையே பின்னால் சுருக்கியது. ‘மண்டியிட்டார்’ என்பதற்கும் ‘உட்கார்ந்தார்’ என்பதற்கும் உள்ள தூரம் ஓர் உயிருள்ள கழுத்தின் தூரம். எழுத்தில் அதை ‘தரையில் இறக்கினார்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறவர் அந்தத் தூரத்தைத் தன் கதையிலிருந்தே அழித்துவிடுகிறார்.

தமிழில் எழுதுபவருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம் பேச்சில் தோள் தொடங்கி விரல் நுனி வரை எல்லாமே ‘கை’. இடுப்புக்குக் கீழே எல்லாமே ‘கால்’. ‘அவன் காலைப் பிடித்தான்’ என்றால் கணுக்காலா, முழங்காலா, தொடையா? கணுக்காலைப் பிடித்தால் அது திருகும் பிடி, தொடையைப் பிடித்தால் தூக்கும் பிடி, பாதத்தைப் பிடித்தால் மன்னிப்பு கேட்கிறான் என்றுகூட வாசகர் நினைக்கலாம். நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. மணிக்கட்டு, முன்கை, முழங்கை, புஜம், அக்குள், பிடரி, மோவாய், விலா, தொடை, கெண்டைக்கால், குதிகால் என்று கிராமத்து வைத்தியரும் வர்ம ஆசானும் அன்றாடம் புழங்கும் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. மல்யுத்தக் காட்சியில் ‘கை’, ‘கால்’ என்ற இரண்டு சொற்களையும் கூடுமானவரை விலக்கி எழுதிப் பாருங்கள். இந்த ஒரு கட்டுப்பாடே பாதி மங்கலைத் துடைத்துவிடும். ‘பிடரியில் முன்கையை வைத்து அழுத்தினான்’ என்று எழுதும்போது வாசகரின் பிடரி தானாகக் கொஞ்சம் குனிகிறது. ‘தலையில் கை வைத்தான்’ என்று எழுதினால் ஆசீர்வாதம்.

வினைச்சொல்லில் நமக்கு வாய்த்த வசதி வேறு மொழிக்காரர்கள் பொறாமைப்படத்தக்கது. ‘பிடித்து, திரும்பி, தோளில் ஏற்றி, உட்கார்ந்தான்’ என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். நிகழ்ந்த வரிசையிலேயே சொற்கள் நிற்கும்; முற்றுவினை கடைசியில் வந்து தரையில் மோதுவதுபோல விழும். முத்திரை அடிக்கென்றே செய்த வாக்கியம் போலிருக்கும். ஆனால் இதே சங்கிலி காலையும் வாரும். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் கொண்டு முடியும் வினைக்கும் அதே எழுவாய்தான் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. ‘கருடன் மலையனின் மணிக்கட்டை முறுக்கிக் கீழே விழுந்தான்’ என்றால் விழுந்தவன் கருடன். எழுதியவர் நினைத்ததோ மலையன். வினை செய்பவன் மாறும் இடத்தில் ‘செய’ வாய்பாட்டுக்கு மாற வேண்டும்: ‘கருடன் முறுக்க, மலையன் விழுந்தான்’. அல்லது முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் புது வாக்கியம் தொடங்கலாம். அது இன்னும் நல்லது. தன்வினை, பிறவினை வேறுபாடும் அப்படித்தான். திரும்பினான், திருப்பினான், சாய்ந்தான், சாய்த்தான், கவிழ்ந்தான், கவிழ்த்தான், மடங்கியது, மடக்கினான். ஓரிரு எழுத்துகளில் யார் யாரை என்ன செய்தார் என்பது தலைகீழாகிவிடும். அச்சுப்பிழை வந்தால் வெற்றி தோல்வியே மாறக்கூடிய துறை இது.

‘அவன்’ இன்னொரு வில்லன். இரண்டு ஆண்கள் கட்டிப்புரளும் பத்தியில் ‘அவன் அவன் கழுத்தை வளைத்தான்’ என்று ஒரு முறை எழுதினாலே வாசகர் தொலைந்துபோவார். ஒருவனைப் பெயராலும் மற்றவனை ‘அவன்’ என்றும் பத்தி முழுக்கச் சீராக வைத்துக்கொள்வது ஒரு வழி. பெயர்களே முதலெழுத்திலும் நீளத்திலும் வேறுபட்டிருக்கும்படி பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. மாறன், மாடன், மருதன் என்று மூவரைக் கோதாவில் இறக்கினால் நடுவருக்கே குழப்பம் வரும். ‘இடது’, ‘வலது’ என்று எழுதும்போது யாருடைய இடது என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லித் தீர்க்க முடியாவிட்டால் அந்தத் தகவல் தேவைதானா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

இது ஏதோ மேல்நாட்டுக் காட்சி விளையாட்டுக்கு மட்டும் பொருந்தும் இயந்திர முறை என்று நினைப்பவர்கள் புறநானூற்றின் 80ஆம் பாட்டைத் திறந்து பார்க்கலாம். ஆமூர் மல்லனைச் சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி வென்றதைச் சாத்தந்தையார் பாடியது. அளவில் மிகச் சிறிய பாட்டு. அதில் மல்லனின் வலிமையைப் பற்றிச் சுருக்கமாக ஒரு சொல் சொல்லிவிட்டுப் புலவர் நேரே போய் நிற்பது கிள்ளியின் இரண்டு கால்களிடம்தான்: ஒன்று எதிராளியின் மார்பின்மேல் மடங்கி அழுந்துகிறது, மற்றொன்று அவன் செய்யவரும் தந்திரத்தைத் தடுத்து முதுகுப்பக்கம் வளைகிறது. அவ்வளவுதான். இரண்டு உடல்களும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதும், தப்ப வழி இல்லை என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. உவமை பிறகுதான் வருகிறது. அதுவும் ஒன்றே ஒன்று. பசியோடு மூங்கிலைத் தின்ன முயலும் யானைபோலத் தலையும் காலும் முறிய மோதினானாம். அந்த உவமையும் அலங்காரத்துக்கு வந்ததல்ல. யானை மூங்கிலைக் காலில் மிதித்துத் துதிக்கையால் வளைத்து முறிக்கும் செயலும் கிள்ளி மல்லனை வளைத்த செயலும் ஒரே வடிவம். நிலையை முதலில் சொல், அதே வடிவமுள்ள உவமை ஒன்றை அடுத்துச் சொல் என்ற வரிசையை ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்துகாட்டியிருக்கிறார். நாம் வரிசையைப் புரட்டிப்போட்டு, மின்னல், புயல், எரிமலை என்று மூன்று உவமையை முதலில் இறைத்துவிட்டு, கால் எங்கே இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

இனி ஒரு மாதிரி. கருடன், மலையன் என்ற இரண்டு கற்பனை வீரர்கள். கருடனின் முத்திரை அடிக்குக் ‘கருடத் தூக்கு’ என்று பெயர். முதல் வரைவு இப்படி வரும்: ‘கருடன் மின்னலெனப் பாய்ந்து அவனைப் பிடித்துச் சுழற்றித் தன் கருடத் தூக்கால் பயங்கரமாகத் தூக்கி அடித்தான். அரங்கமே அதிர்ந்தது.’ இதில் கருடன் எதிராளிக்கு முன்னால் நின்றானா பின்னால் நின்றானா என்றுகூடத் தெரியவில்லை. திருத்திய வரைவு: ‘கருடன் மலையனின் முதுகுக்குப் பின்னால் போனான். வலது முன்கையை மலையனின் வலது அக்குளுக்கு அடியில் நுழைத்து, உள்ளங்கையை அவன் பிடரியில் பதித்தான். மலையனின் வலது புஜம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. அவன் நினைத்தாலும் இறக்க முடியவில்லை. கருடனின் மற்றொரு கை இடுப்பை வளைத்தது. குதிகால் இரண்டையும் ஊன்றிக் கருடன் பின்பக்கமாக வளைந்தான். மலையனின் பாதங்கள் தரையை விட்டன. 110 கிலோ உடம்பு கருடனின் தலைக்கு மேலாக அரைவட்டம் போட்டுப் போய், பிடரியும் தோளும் முதலில் பட, பலகைமேல் தொம்மென்று இறங்கியது.’ நின்ற நிலை, பிடி, திசை, பட்ட இடம் நான்கும் வந்துவிட்டன. ஒலிக்குறிப்பு ஒன்றுதான், அதுவும் சரியான ஒலி. கோதாவின் தரை என்பது இரும்புச் சட்டத்தின்மேல் பலகை, அதன்மேல் மெல்லிய பஞ்சுறை, அதன்மேல் கித்தான். அங்கே உடம்பு விழுந்தால் ‘தொம்’ என்ற குழிந்த ஒலி வரும். ‘பளார்’ மார்பில் விழும் அறைக்கு உரியது, ‘சடக்’ மூட்டுக்கு உரியது. இரண்டையும் விழுகைக்குப் போடாதீர்கள். இந்த மாதிரியில் இன்னொரு பொருளும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது: தானாகத் தூக்கிக்கொள்ளும் அந்த வலது புஜம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு விவரம் வேகத்தைக் கொன்றுவிடாதா என்ற கேள்வி நியாயமானது. எல்லா அடிக்கும் இப்படி எழுதினால் கொன்றுவிடும்தான். ஒரு போட்டியில் குத்து, உதை, தள்ளு என்று ஐம்பது அசைவுகள் இருந்தால் நாற்பத்தைந்தை அரை வாக்கியத்தில் கடந்துவிட வேண்டும். விரிவு என்பது முத்திரை அடிக்கு மட்டும் தரும் சலுகை. அதிலும் அடியின் இயல்பைப் பார்த்துத்தான் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும். சில அடிகள் முன்னறிவிப்போடு வருபவை. ராக்கின் பீப்பிள்ஸ் எல்போ உடற்கூற்றின்படி பார்த்தால் கிடப்பவன் மார்பில் முழங்கை போடும் சாதாரண அடி. அதன் உயிர் முழுக்கச் சடங்கில் இருக்கிறது: முழங்கை உறையைக் கழற்றுவது, அதைக் கூட்டத்தில் வீசுவது, ஒரு பக்கக் கயிற்றுக்கு ஓடி மறுபக்கக் கயிற்றுக்குப் பாய்வது, நடுவில் நின்று விழுவது. இங்கே சடங்குக்கு ஐந்து வரியும் அடிக்கு ஒரு வரியும் கொடுத்தால் சரியாக இருக்கும். ஷான் மைக்கேல்ஸ் மூலையில் நின்று பாதத்தால் தரையைத் தட்டித் தட்டித் தாளம் போடுவதும் இந்த வகைதான். தாளம் தொடங்கியதுமே மோவாயில் உதை வரப்போகிறது என்று கடைசி வரிசைக் குழந்தைக்கும் தெரியும். ராண்டி ஆர்ட்டனின் ஆர்.கே.ஓ. இதற்கு நேர் எதிர். 2015 ரெசில்மேனியாவில், மண்டியிட்டிருந்த ஆர்ட்டனின் தலையை மிதிக்க சேத் ராலின்ஸ் ஓடிவந்தார். மிதிக்கக் காலைத் தூக்கிய அவரை ஆர்ட்டன் எழுந்தபடியே மேலே எற்றி, காற்றிலிருந்து கீழே வரும் வழியில் தலையைப் பிடித்துத் தரையில் அறைந்தார். பதுங்கிப் பாயும் இப்படிப்பட்ட அடிக்கு ஒரே வாக்கியம்தான் தரலாம். அந்த வாக்கியமும் அடிப்பவனில் தொடங்காமல், ஏமாறப்போகிறவனின் நம்பிக்கையில் தொடங்க வேண்டும். ஆனால் அந்த ஒரு வாக்கியம் புரிய வேண்டுமானால் ஆர்.கே.ஓ. எப்படி விழும் என்று வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வேகத்துக்கு வழிவிடுவதே முன்பு செய்த விளக்கம்தான்.

பூட்டுப் பிடிகளில் விளக்கம் வேறு மாதிரி போக வேண்டும். ஷார்ப்ஷூட்டரில் கால்கள் எப்படிப் பின்னுகின்றன என்று வரிசையாக எழுதப் புகுந்தால் பாய் முடையும் செய்முறைபோல ஆகிவிடும். மல்லாந்து கிடப்பவனின் கால்களைத் தன் ஒரு காலைச் சுற்றிக் குறுக்காகப் பின்னி, அவனைக் குப்புறப் புரட்டி, அவன் தலைக்குத் தன் முதுகைக் காட்டி உட்காருவது என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு, இரண்டு விஷயங்களில் மட்டும் நிதானிக்கலாம்: எங்கே வலிக்கிறது, எங்கே வெளியேறலாம். இங்கே வலிப்பது கீழ்முதுகு. வெளியேற வழி கயிறு. அதைத் தொட்டுவிட்டால் ஐந்து எண்ணுவதற்குள் பிடியை விட்டாக வேண்டும் என்பது விதி. ஆகவே கயிற்றுக்கும் விரலுக்கும் உள்ள தூரம்தான் இந்தக் காட்சியின் கதை. நான்கு போல் மடக்கும் ஃபிகர் ஃபோர் பிடியிலோ, மாட்டியவன் குப்புறப் புரண்டுவிட்டால் வலி போட்டவனுக்கே திரும்பும் என்பது மரபு. அங்கே கதை புரளுவதில் இருக்கிறது. 1997 மார்ச் 23இல் பதின்மூன்றாவது ரெசில்மேனியாவில் பிரெட் ஹார்ட்டின் ஷார்ப்ஷூட்டரில் ஆஸ்டின் மாட்டிக்கொண்டபோது முகமெல்லாம் ரத்தம். தப்ப முடியவில்லை, கையைத் தட்டி ஒப்புக்கொள்ளவும் இல்லை. மயங்கிப்போனார், நடுவராக இருந்த கென் ஷாம்ராக் போட்டியை நிறுத்தினார். அதுவரை கெட்டவனாக இருந்த ஆஸ்டின் தோற்றபடியே நாயகனானார், வென்ற ஹார்ட் வில்லனானார். பிடியின் வலியும் அதன் ஒரே வாசலும் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான் தட்டாத அந்தக் கைக்கு அவ்வளவு பொருள் கிடைத்தது.

கடைசி மறுப்பு கொஞ்சம் ஏளனமாக வரும். எல்லாமே முன்கூட்டிப் பேசிவைத்த நாடகம், இதில் எலும்புக்கூட்டுத் துல்லியம் எதற்கு? நாடகம் என்பதாலேயே துல்லியம் வேண்டும். பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த் 1957இல் வெளியான ‘மித்தாலஜீஸ்’ நூலின் முதல் கட்டுரையிலேயே மல்யுத்தத்தைத்தான் எடுத்துக்கொண்டார். குத்துச்சண்டையில் முடிவு முக்கியம், மல்யுத்தத்தில் ஒவ்வொரு கணமும் பார்த்த மாத்திரத்தில் விளங்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். விளங்காத அடி அங்கே அடியே அல்ல. எழுதுபவர் தீர்மானிக்க வேண்டியது இன்னொன்று: தன் கதையுலகில் அந்தச் சண்டை நிஜமா, நடிப்பா? நிஜம் என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்னது போதும். மல்யுத்தக்காரர்களைத் தொழிலாளிகளாகக் காட்டும் கதை என்றால் ஒவ்வொரு முத்திரை அடிக்கும் இரண்டு அடுக்கு உண்டு. கூட்டத்துக்குத் தெரியும் அடுக்கில் ஒருவன் இன்னொருவனைத் தூக்கி எறிகிறான். உள் அடுக்கில் எறியப்படுகிறவன் தானே குதித்து ஒத்துழைக்கிறான், மோவாயை மார்போடு ஒட்டிவைத்துப் பிடரியைக் காக்கிறான், ‘சரி’ என்று ஒரு விரல் அழுத்தத்தில் சொல்கிறான். இரண்டையும் ஒரே பத்தியில் தெளிவாக எழுத வேண்டுமானால் உறுப்புகளின் இடம் இரு மடங்கு துல்லியமாக இருக்க வேண்டும். ஓவன் ஹார்ட் உட்கார்ந்த அந்தக் கணம் இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று மோதிய இடம்.

நன்றாக விளக்கிய அடியையும் செலவழித்தே கெடுத்துவிட முடியும். ஒவ்வொரு போட்டியிலும் ஃபினிஷரை வாங்கிவிட்டு எதிராளி நடுவரின் எண்ணிக்கை இரண்டரையில் தோளைத் தூக்கிவிட்டால், பத்தாவது பக்கத்தில் அந்த அடி வெறும் தள்ளுமுள்ளாகிவிடும். அடியைத் தாங்கி எழுவதை ஒரு கதையில் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அடித்தவன் முகத்தைக் காட்டுங்கள். 2009இல் ஹூஸ்டனில் அண்டர்டேக்கரின் டூம்ஸ்டோனிலிருந்து ஷான் மைக்கேல்ஸ் தோளைத் தூக்கியபோது நினைவில் நின்றது தூக்கியவர் முகம் அல்ல, நம்பமுடியாமல் விழித்த அண்டர்டேக்கர் முகம். 2014 ஏப்ரல் 6இல் நியூ ஆர்லியன்ஸில் பிராக் லெஸ்னரின் முதல் இரண்டு எஃப்-5 அடிகளுக்கும் அதே அண்டர்டேக்கர் எழுந்தார். மூன்றாவதற்கு எழவில்லை. ரெசில்மேனியாவில் 21 போட்டிகளாகத் தோல்வியறியாத கணக்கு அங்கே முடிந்தது. அரங்கம் வாயடைத்து நின்றது. மூன்றாவது எஃப்-5 முதலிரண்டைப் போலவேதான் விழுந்தது. எழுத்தில் அதற்கு முதலிரண்டைவிடக் குறைவான சொற்களே போதும்.

மறுபடி கருடனிடம் வருவோம். இறுதிப் போட்டி, நாற்பது பக்கம் கழித்து. இப்போது எழுத வேண்டியது இவ்வளவுதான்: ‘முதுகுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. மலையனின் வலது புஜம் மெல்ல மேலே எழுந்தது.’ அக்குள், பிடரி, அரைவட்டம் எதையும் சொல்ல வேண்டாம். வாசகரே நிரப்பிக்கொள்வார், உங்களைவிட வேகமாக. மலையன் வெல்ல வேண்டிய கதை என்றாலும் அதே பழைய விளக்கம்தான் கைகொடுக்கும்: ‘மலையன் முழங்கையை விலாவோடு ஒட்டி இறுக்கினான். கருடனின் விரல்கள் அக்குளைத் தேடின. நுழைய இடமில்லை.’ கருடத் தூக்கை உடைக்கும் வழி அந்த அடியின் முதல் வர்ணனையிலேயே கிடந்தது. அங்கே சொல்லாமல் விட்டிருந்தால் இங்கே புதிதாகப் புகுத்த வேண்டியிருக்கும், வாசகரும் ஏமாற்று என்பார். இதற்குப் பிறகு யார் விழுந்தாலும் மூன்று எண்ணுவதை மட்டும் எழுதி முடியுங்கள். கூட்டம் கத்தியதா என்பதை வாசகர் கவனித்துக்கொள்வார்.